ஸ்லீவா, பைபாஸா, ஊசியா? எடைக்கு ஆபரேஷன் யோசிக்கும் வேலூர்க் குடும்பங்களுக்கு

எங்கள் சொந்தத்தில் எடை குறைய ஆபரேஷன் செய்துகொண்டவர்கள் இரண்டு பேர். ஆம்பூரில் ஒரு ஷூ கம்பெனியில் சூப்பர்வைசராக இருக்கும் அத்தை மகள் ஸ்லீவ், அதாவது இரைப்பையின் பெரும்பகுதியை வெட்டி எடுக்கும் ஆபரேஷன், செய்துகொண்டாள். குடியாத்தத்தில் மளிகைக் கடை வைத்திருக்கும் சித்தப்பா பைபாஸ், அதாவது இரைப்பையைச் சின்னப் பையாக்கிக் குடலோடு நேராக இணைக்கும் ஆபரேஷன், செய்துகொண்டார். சத்துவாச்சாரியில் இருக்கும் தம்பி மனைவி கத்தியே வேண்டாம் என்று பசியைக் குறைக்கும் ஊசி வாரம் ஒன்று போட்டுக்கொள்கிறாள். மூவருமே நன்றாக இளைத்திருக்கிறார்கள். ஆனால் மூன்று வீட்டிலும் சமையல், மாத்திரை டப்பா, மாதச் செலவு, வெயில் காலத்துப் பயம் எல்லாம் வேறு வேறு. இப்போது தோட்டப்பாளையத்தில் இருக்கும் என் சிநேகிதி எதைச் செய்துகொள்வது என்று கேட்கிறாள். அவளுக்குச் சொன்னதையே கொஞ்சம் விரித்து இங்கே எழுதுகிறேன்.

என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். எதில் அதிக கிலோ குறையும் என்று பார்த்துத் தேர்ந்தெடுக்காதீர்கள். ஆபரேஷனுக்குப் பிறகு ஆயுசுக்கும் செய்ய வேண்டிய வேலைகள் இருக்கின்றன. எந்த வழியின் வேலைகளை உங்கள் வீடு விடாமல் செய்யுமோ, அந்த வழியை எடுங்கள்.

யாருக்கு இந்தப் பேச்சே வரும்?

எடையை கிலோவிலும் உயரத்தை மீட்டரிலும் எடுத்து, எடையை உயரத்தின் வர்க்கத்தால் வகுத்தால் வருவது பி.எம்.ஐ. ஐந்தடி இரண்டு அங்குலம் உயரமுள்ள ஒரு பெண் 95 கிலோ இருந்தால் ஏறக்குறைய 38. நம் நாட்டு உடம்புக்குக் குறைந்த எடையிலேயே சுகரும் பிரஷரும் வந்துவிடுவதால், இங்குள்ள எடை ஆபரேஷன் நிபுணர்கள் பலர் வேறு நோய் இல்லாவிட்டால் 37.5, சுகர், பிரஷர், தூக்கத்தில் மூச்சடைப்பு மாதிரி ஏதாவது இருந்தால் 32.5 என்ற அளவிலிருந்தே ஆபரேஷனைப் பற்றிப் பேசுகிறார்கள்.

இங்கேதான் பல குடும்பங்கள் தடுக்கி விழுகின்றன. இன்சூரன்ஸ் கணக்கு வேறு. இன்சூரன்ஸ் ஒழுங்குமுறை ஆணையம் 2019-ல் வகுத்த விதிப்படி பி.எம்.ஐ. 40 அல்லது அதற்கு மேல் இருக்க வேண்டும். இல்லையென்றால் 35 அல்லது அதற்கு மேல் இருந்து, கட்டுக்கடங்காத சுகர், கடுமையான தூக்க மூச்சடைப்பு, இதயநோய் போன்றவற்றில் ஒன்று இருக்க வேண்டும். 18 வயது முடிந்திருக்க வேண்டும். மற்ற வழிகளில் முயன்றும் எடை குறையவில்லை என்பதும் தெரிய வேண்டும். ஆக, மேலே சொன்ன 38 பி.எம்.ஐ. பெண்ணுக்கு டாக்டர் "தாராளமா செய்யலாம்" என்பார். இன்சூரன்ஸ் கம்பெனி "இல்லை" என்று சொல்லலாம். அதனால் டயட் சீட்டு, சுகர் ரிப்போர்ட், தூக்கப் பரிசோதனை ரிப்போர்ட் எதையும் தூக்கிப் போடாமல் ஃபைலில் வையுங்கள். அட்மிஷனுக்கு முன்பே இன்சூரன்ஸ் அனுமதியை எழுத்தில் வாங்குங்கள்.

ஒன்றும் செய்யாமல் இருப்பதும் ஒரு முடிவுதான்

ஆபரேஷன் ஆபத்து என்று ஒதுங்குகிறவர்கள், ஒதுங்குவதில் இருக்கும் ஆபத்தைக் கணக்கில் எடுப்பதில்லை. அத்தை மகள் ஆபரேஷனுக்கு முன்னால் இருந்த நாட்களை நான் பக்கத்திலிருந்து பார்த்திருக்கிறேன். ஷேர் ஆட்டோவில் ஏறினால் பக்கத்தில் இருப்பவர் உச்சுக் கொட்டுவார். கல்யாணப் பந்தியில் பிளாஸ்டிக் நாற்காலியைக் கையால் அழுத்திப் பார்த்துவிட்டுத்தான் உட்காருவாள். ரத்தினகிரி படி ஏற வேண்டும் என்ற வேண்டுதல் வருஷக்கணக்காகத் தள்ளிப்போனது. இந்திய முறைக் கழிப்பறையில் உட்கார்ந்து எழ முட்டி விடாது என்பதால் வெளியூர் போகிற நாளில் தண்ணீரே குடிக்க மாட்டாள். இரவில் குறட்டை திடீரென நின்று, மூச்சும் நின்று, திணறி எழுவாள். மறுநாள் கம்பெனியில் நின்றபடியே கண் சொருகும். காதுவலி என்று போனாலும் "முதல்ல உடம்ப குறைம்மா" என்பதுதான் மருந்து.

இதை வாய்க்கட்டுப்பாடு இல்லாத குறை என்று சொல்கிறவர்கள் மீது எனக்கு மிகுந்த கோபம் உண்டு. எடை இவ்வளவு ஏறிய பிறகு, சாப்பாட்டைக் குறைத்தால் உடம்பு பசியைக் கூட்டி, செலவழிக்கும் சக்தியைக் குறைத்து, இழந்த எடையைத் திரும்பப் பிடிக்கப் பார்க்கும். அவள் எத்தனையோ தடவை இளைத்து, ஒவ்வொரு தடவையும் கூடுதலாக ஏறியது சோம்பேறித்தனத்தால் அல்ல. சுவீடனில் 1987-ல் தொடங்கிய ஒரு நீண்ட ஆய்வு, ஆபரேஷன் செய்துகொண்டவர்களையும் வழக்கமான சிகிச்சையில் இருந்தவர்களையும் பல ஆண்டுகள் தொடர்ந்து பார்த்தது. ஆபரேஷன் செய்துகொண்டவர்களில் இறந்தவர்கள் குறைவு என்று 2007-ல் முடிவு வந்தது. அனுபவமுள்ள மருத்துவமனைகளில் இந்த ஆபரேஷனால் உயிர் போவது ஆயிரத்தில் ஒன்றிரண்டு என்ற அளவில்தான் இருக்கிறது. பி.எம்.ஐ. 40, கூடவே சுகர் என்று இருப்பவர் சும்மா இருப்பதை நான் பாதுகாப்பான முடிவு என்று சொல்ல மாட்டேன்.

ஸ்லீவும் பைபாஸும்

இரண்டுமே வயிற்றில் சின்னச் சின்ன துளை போட்டு லேப்ராஸ்கோப்பியில் செய்வது. ஸ்லீவில் இரைப்பையின் முக்கால் பங்குக்கும் மேல் வெட்டி வெளியே எடுத்துவிடுவார்கள். மிச்சம் நிற்பது ஒரு வாழைக்காய் அளவுக் குழாய். பசியைத் தூண்டும் கிரெலின் என்ற ஹார்மோன் பெரும்பாலும் சுரப்பது வெட்டி எடுத்த பகுதியில்தான். அதனால் கொள்ளளவோடு பசியும் சேர்ந்து குறைகிறது. குடலைத் தொடுவதில்லை. எடுத்ததைத் திரும்ப வைக்கவும் முடியாது.

பைபாஸில் இரைப்பையின் மேல்பக்கம் ஏறக்குறைய முப்பது மில்லி பிடிக்கும் சின்னப் பையாகப் பிரித்து, அதைச் சிறுகுடலோடு நேராக இணைத்துவிடுவார்கள். மீதி இரைப்பை உள்ளேயே இருக்கும், ஆனால் சாப்பாடு அந்தப் பக்கம் போகாது. சிறுகுடலின் முதல் பகுதியையும் தாண்டிவிடும். இந்த மாற்றத்தால் குடல் ஹார்மோன்கள் மாறி, எடை குறையத் தொடங்கும் முன்பே, சில நாட்களிலேயே சுகர் இறங்கத் தொடங்குகிறது. சித்தப்பா வார்டிலிருந்து வீட்டுக்கு வரும்போதே இன்சுலின் அளவைப் பெரிதாகக் குறைத்து அனுப்பினார்கள். பழைய அளவிலேயே போட்டிருந்தால் லோ சுகரில் மயங்கி விழுந்திருப்பார்.

எடைக் கணக்கில் இரண்டும் எவ்வளவு நெருக்கம் என்பது பலருக்குத் தெரியாது. பின்லாந்திலும் சுவிட்சர்லாந்திலும் இரண்டையும் நேருக்கு நேர் ஒப்பிட்ட ஆய்வுகளின் ஐந்தாண்டு முடிவுகள் 2018-ல் வந்தன. பைபாஸ் கொஞ்சம் முன்னால் இருந்தாலும் வித்தியாசம் பெரிதல்ல. பெரிய வித்தியாசம் நெஞ்செரிச்சலில்தான் தெரிந்தது. பின்லாந்து ஆய்வின் பத்தாண்டு முடிவில், எண்டோஸ்கோப்பியில் உணவுக்குழாய் புண்ணாகியிருந்தது ஸ்லீவ் செய்தவர்களில் மூன்றில் ஒரு பங்குக்கு நெருக்கம். பைபாஸில் பத்தில் ஒரு பங்குக்கும் குறைவு.

அதனால் ராத்திரி படுத்தால் புளித்த ஏப்பமும் எதுக்களிப்பும் வருகிறவர், தினம் அசிடிட்டி மாத்திரை போடுகிறவர், ஸ்லீவுக்கு ஒப்புக்கொள்ளும் முன் எண்டோஸ்கோப்பி செய்தே ஆக வேண்டும். சித்தப்பாவுக்குக் கடையை மூடிவிட்டு ராத்திரி பதினோரு மணிக்குச் சாப்பிட்டுப் படுக்கும் பழக்கம். நெஞ்செரிச்சல் பல வருஷமாக இருந்தது. சுகரும் முற்றியிருந்தது. அவருக்கு பைபாஸ் சொன்னது சரியான யோசனை. முதல் சில மாதத்திலேயே நெஞ்செரிச்சல் போய்விட்டது.

ஆனால் பைபாஸ் கேட்கிற வேலை அதிகம். இரும்பு, கால்சியம், வைட்டமின் டி, பி12 எல்லாம் சரியாக உடம்பில் ஏறாது. ஆயுசுக்கும் மாத்திரை, வருஷம் ஒருமுறையாவது ரத்தப் பரிசோதனை. இரும்பு மாத்திரையையும் கால்சியத்தையும் சேர்த்துப் போடக் கூடாது, இரண்டு மணி நேரம் இடைவெளி வேண்டும். இரும்பு போட்ட கையோடு டீ கூடாது. ஸ்லீவிலும் மாத்திரை உண்டு. ஆனால் பைபாஸில் மாத்திரையை விட்டால் பாதிப்பு அதிகம். தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயதுப் பெண்களில் பாதிக்கு மேல் ரத்தசோகை என்று ஐந்தாவது தேசியக் குடும்பநல ஆய்வு சொல்கிறது. மாதவிடாயில் அதிக ரத்தம் போகிற, ஏற்கெனவே ஹீமோகுளோபின் எட்டு ஒன்பதில் நிற்கிற பெண்ணுக்கு, வேறு காரணம் இல்லாமல் பைபாஸை நான் முதலாவதாகச் சொல்ல மாட்டேன். அத்தை மகள் ஸ்லீவ் எடுத்ததற்கு இதுவே பெரிய காரணம்.

பைபாஸில் இன்னும் சில உண்டு. இனிப்பு சாப்பிட்டால் நெஞ்சு படபடத்து, வேர்த்து, வயிற்றைக் கலக்கும், டம்பிங் என்பார்கள். சித்தப்பா ஆற்காடு மக்கன் பேடா ஒன்றை வாயில் போட்டுவிட்டு அரைமணி நேரம் கல்லாவில் தலை சாய்த்துக் கிடந்தார். அதற்குப் பிறகு இனிப்பு டப்பாவைத் திரும்பியும் பார்ப்பதில்லை. முட்டிவலிக்கு மெடிக்கல் ஷாப்பில் தானாக வாங்கிப் போடும் வலி மாத்திரைகள் இணைப்பு இருக்கும் இடத்தில் புண் உண்டாக்கும். சிகரெட், பீடியும் அப்படியே. வருஷங்கள் கழித்துக்கூட குடல் உள்ளுக்குள் சிக்கித் திடீர் வயிற்றுவலி வரலாம். அப்போது கேஸ் மாத்திரை போட்டுப் படுக்காமல், சி.டி. ஸ்கேனும் சர்ஜனும் இருக்கும் இடத்துக்கு அன்றே போக வேண்டும்.

ஒரே இணைப்போடு செய்யும் மினி பைபாஸும் நம் நாட்டில் நிறைய நடக்கிறது. நேரம் குறைவு, எடையும் நன்றாகக் குறையும். பித்தநீர் மேலே எதுக்களிக்கும் வாய்ப்பும், குடலை அதிக நீளம் தாண்டவிட்டால் புரதக் குறைவு வரும் ஆபத்தும் உண்டு. பருப்பைக்கூட ரசமாகக் கரைத்துச் சாப்பிடும் சைவ வீடுகளில் இதைச் சொல்லும் டாக்டரிடம், எவ்வளவு நீளம் தாண்டவிடுகிறீர்கள் என்று கேட்டுவிடுங்கள். வயிற்றுக்குள் பலூன் வைப்பது பொதுவாக ஆறு மாதம். எடுத்த பிறகு எடை திரும்புவது சகஜம். அதற்குச் செலவழிக்க நான் யாருக்கும் சொன்னதில்லை.

ஊசி

தம்பி மனைவியின் பி.எம்.ஐ. 33, சுகர் இல்லை. அவளுக்கு ஊசி பொருத்தம் என்றே நினைக்கிறேன். செமக்ளூடைட் ஊசி ஆய்வில் 68 வாரத்தில் சராசரியாக 15 சதவீதம் எடை குறைந்தது. டிர்செபடைட் என்ற இன்னொரு ஊசி, அதிக அளவில் 72 வாரத்தில் 20 சதவீதத்தைத் தொட்டது. ஆபரேஷனில் பொதுவாக 25 முதல் 30 சதவீதம். நூறு கிலோ இருப்பவருக்கு 80 கிலோவும் 72 கிலோவும் போல என்று வைத்துக்கொள்ளுங்கள்.

ஊசியின் வேலை வேறு மாதிரி. அது நிற்கவே கூடாது. செமக்ளூடைட்டை நிறுத்தியவர்களுக்கு ஒரு வருஷத்தில், குறைந்த எடையில் மூன்றில் இரண்டு பங்கு திரும்பியது. டிர்செபடைட் 2025 மார்ச்சில் மவுஞ்சாரோ என்ற பெயரில் இந்தியாவுக்கு வந்தபோது ஆரம்ப அளவு வாரத்துக்கு 3,500 ரூபாய், அடுத்த அளவு 4,375 ரூபாய். அந்த விலையில் வருஷத்துக்கு இரண்டு லட்சத்தைத் தாண்டும். இரண்டு வருஷ ஊசிப் பணம் ஒரு ஆபரேஷன் செலவைத் தொட்டுவிடும். செமக்ளூடைடின் இந்தியக் காப்புரிமை 2026 மார்ச் வரைதான் என்பதால், நம் கம்பெனிகளின் மலிவான ஊசிகளையும் சேர்த்துத்தான் இனி கணக்குப் போட வேண்டும். ஆனாலும் சம்பளம் நின்றால் ஊசி நிற்கும், ஊசி நின்றால் பசி திரும்பும். மாதச் சம்பளம் உறுதியாக வரும் வீட்டுக்கும், சீசன் வியாபாரம் பார்க்கும் வீட்டுக்கும் இதில் ஒரே பதில் கிடையாது. குமட்டலும் மலச்சிக்கலும் பலருக்கு வருகின்றன. தம்பி மனைவிக்கு ஊசி போட்ட மறுநாள் சாம்பார் தாளிக்கும் வாசனையே ஆகாது. அன்று தம்பிதான் சமைக்கிறான். குழந்தைக்குத் திட்டமிடுகிறவர்கள் முன்கூட்டியே நிறுத்த வேண்டும் என்பதையும் மறக்கக் கூடாது.

வேலூர் வெயிலில் தண்ணீர்

மருத்துவமனைச் சீட்டில் "ஒரு நாளைக்கு ஒன்றரை முதல் இரண்டு லிட்டர்" என்று ஒரு வரியில் எழுதியிருக்கும். நம் ஊரில் அந்த ஒரு வரிதான் எல்லாவற்றையும்விடக் கஷ்டம். ஆபரேஷனுக்குப் பிறகு சொம்பைத் தூக்கி மடக்மடக்கென்று குடிக்க முடியாது. மிடறு மிடறாகத்தான் இறங்கும். சாப்பாட்டோடு குடிக்கக் கூடாது, சாப்பிட்டு அரைமணி நேரம் கழித்துத்தான். கத்திரி வெயிலில் நாற்பது டிகிரியைத் தாண்டும் வேலூரில், குடிக்கக் கிடைக்கும் நேரம் குறைவு, வேர்வையில் போவது அதிகம். அத்தை மகளை முதல் கோடையிலேயே தலைசுற்றலோடு கூட்டிக்கொண்டு போய் டிரிப்ஸ் ஏற்றினோம். கம்பெனியில் லைனில் தண்ணீர் பாட்டில் வைக்கக் கூடாது என்ற வழக்கம் இருந்தது. டாக்டரிடம் கடிதம் வாங்கிக் கொடுத்த பிறகு அனுமதித்தார்கள். வேலைக்குப் போகிற பெண்கள் அந்தக் கடிதத்தை டிஸ்சார்ஜ் அன்றே கேட்டு வாங்கிவிட வேண்டும். தேதியைத் தேர்ந்தெடுக்க முடிந்தால் ஏப்ரல், மே வேண்டாம். ஐப்பசி, கார்த்திகையில் செய்துகொண்டால் திரவ உணவு, கூழ் உணவு எல்லாம் கடந்து, தை மாதத்தில் சாதாரணச் சாப்பாட்டுக்கு வந்துவிடலாம். கோடைக்குள் உடம்பு பழகிவிடும்.

களியும் பிரியாணியும்

முதல் இரண்டு வாரம் திரவம், பிறகு மசித்தது, பிறகு மென்மையானது, ஒன்றரை மாதம் போல ஆனபின் கெட்டி உணவு. இதில் நம் பக்கத்து ஆட்கள் மாட்டிக்கொள்வது களியில். கேழ்வரகுக் களியை மெல்ல மாட்டோம், உருட்டிக் குழம்பில் தொட்டு விழுங்குவோம். புது வயிற்றில் அப்படி விழுங்கிய உருண்டை நெஞ்சில் நிற்கும், வலியோடு வாந்தி வரும். கேழ்வரகை விட வேண்டியதில்லை. மோர் விட்ட கூழாகக் குடிக்கலாம். ஆம்பூர் பிரியாணியை அத்தை மகள் விடவில்லை. முதலில் கறித்துண்டை நன்றாக மென்று சாப்பிடுகிறாள், பிறகு கத்தரிக்காய், கடைசியில் இடமிருந்தால் இரண்டு வாய் சோறு. ஒரு நாளைக்கு 60 கிராமுக்குக் குறையாமல் புரதம் வேண்டும். ஒரு முட்டையில் ஆறு கிராம்தான். முட்டை, மீன், சுண்டல், பன்னீர், தயிர் என்று நாள் முழுவதும் பிரித்து வைத்தால்தான் அந்த எண்ணிக்கை வரும். சோறு முதலில் போனால் புரதத்துக்கு இடமிருக்காது. வீட்டில் சமைக்கிறவர் இதைப் புரிந்துகொள்ளாவிட்டால் எந்த ஆபரேஷனும் உருப்படாது. மாமியார், அம்மா, கணவர் யாராக இருந்தாலும் டயட்டீஷியனிடம் அவர்களையும் கூட்டிக்கொண்டு போங்கள்.

இளைத்த பிறகு கேட்கும் பேச்சு

நம் ஊரில் இளைத்தால் நோய் என்றுதான் அர்த்தம். "இன்னாம்மா இப்படி எளச்சிட்ட, சுகரா?" என்று தெருவில் நிறுத்திக் கேட்பார்கள். மூன்றாவது மாதத்திலிருந்து முடி கொத்துக் கொத்தாக உதிரும். அது பெரும்பாலும் தற்காலிகம், புரதமும் இரும்பும் சரியாக இருந்தால் திரும்ப வளரும். ஆனால் அந்த மாதங்களில் அத்தை மகள் கண்ணாடி பார்க்காமல் அழுதுகொண்டிருந்ததை நான் மறக்க மாட்டேன். கையிலும் வயிற்றிலும் தோல் தொங்கும். அதற்கான ஆபரேஷன் தனிச் செலவு, அழகுக்கானது என்று இன்சூரன்ஸ் பெரும்பாலும் ஏற்காது. வேகமாக இளைக்கும்போது பித்தப்பையில் கல் வரலாம். அதைத் தடுக்க சில மாதம் மாத்திரை கொடுப்பதுண்டு. பெண்களுக்குக் கருத்தரிக்கும் வாய்ப்பு கூடும். ஆனால் முதல் ஒன்று, ஒன்றரை வருஷம் கர்ப்பம் கூடாது. கல்யாணமாகாத பெண்ணுக்கு ஆபரேஷனை மறைத்து வரன் பார்க்கும் வீடுகளுக்கு இதைச் சொல்ல வேண்டும். மறைத்தால் அந்தப் பெண் மாத்திரையையும் மறைத்துத்தான் போட வேண்டியிருக்கும். முதலில் நிற்பது மாத்திரைதான்.

மது குடிக்கிறவர் கூடுதல் கவனமாக இருக்க வேண்டும். ஆபரேஷனுக்குப் பின், குறிப்பாக பைபாஸுக்குப் பின், போதை சீக்கிரமும் அதிகமாகவும் ஏறும். சாப்பாட்டின் ஆறுதல் போன இடத்தில் குடி வந்து உட்காரும். குடியை விட முடியாதவருக்கு ஆபரேஷனைத் தள்ளிப்போடச் சொல்வேன். இரண்டு மூன்று வருஷத்துக்குப் பிறகு கொஞ்சம் எடை ஏறுவதும் சகஜம். அதைத் தோல்வி என்று வெட்கப்பட்டு டாக்டரைப் பார்க்காமல் ஒளிவதுதான் கெடுதல்.

எங்கே செய்வது?

சென்னை 140 கிலோமீட்டர், பெங்களூரு 210. இரண்டு ஊரிலிருந்தும் பேக்கேஜ் விளம்பரங்கள் நம் செல்போனுக்கு வருகின்றன. வடநாட்டிலிருந்து ரயிலேறி காட்பாடியில் இறங்கி வைத்தியம் பார்க்கிற ஊரில் இருந்துகொண்டு, பேக்கேஜ் விலை குறைவு என்று வெளியூர் போவதை நான் ஆதரிக்க மாட்டேன். தையல் கசிவு முதல் சில வாரங்களில் வரலாம். காய்ச்சல், வேகமான நாடித்துடிப்பு, தோள்பட்டை வலி என்று ராத்திரியில் தொடங்கும். அப்போது அதே சர்ஜன் அடையும் தூரத்தில் இருக்க வேண்டும். 2024 ஏப்ரலில் சென்னைப் புறநகரில் ஒரு தனியார் மருத்துவமனையில் எடைக் குறைப்பு ஆபரேஷனுக்குப் போன இளைஞர் இறந்து, அந்த மருத்துவமனையின் உரிமம் தற்காலிகமாக நிறுத்தப்பட்டதைச் செய்திகளில் பார்த்திருப்பீர்கள். விலையைக் கேட்கும் முன் ஐ.சி.யு. உள்ளேயே இருக்கிறதா, ராத்திரியில் மயக்க மருந்து டாக்டர் இருப்பாரா, அந்த சர்ஜன் இந்த ஆபரேஷனை எவ்வளவு செய்திருக்கிறார், ஐந்து வருஷத்துக்கு முன் செய்துகொண்ட ஒருவரோடு பேச முடியுமா என்று கேளுங்கள்.

தோட்டப்பாளையத்துச் சிநேகிதிக்கு பி.எம்.ஐ. 41, சுகர் மாத்திரையில் இருக்கிறது, நெஞ்செரிச்சல் இல்லை, ஹீமோகுளோபின் ஒன்பது, கணவர் வாரத்தில் பாதி நாள் லாரியில் வெளியூர். அவளுக்கு நான் சொன்னது: முதலில் ரத்தசோகையைச் சரிசெய், எண்டோஸ்கோப்பி எடு, சுத்தமாக இருந்தால் ஸ்லீவ், கார்த்திகையில். சுகர் ஆரம்பக் கட்டத்தில் இருப்பதால் ஸ்லீவிலேயே நன்றாக இறங்க வாய்ப்பிருக்கிறது. பிறகு எதுக்களிப்பு தாங்க முடியாமல் போனால் ஸ்லீவை பைபாஸாக மாற்ற முடியும்.

எதைச் செய்துகொண்டாலும், என்ன ஆபரேஷன், எந்தத் தேதி, எந்த மருத்துவமனை, எந்த வலி மாத்திரை கூடாது, டாக்டரின் எண் ஆகியவற்றை ஒரு சீட்டில் தமிழிலும் ஆங்கிலத்திலும் எழுதி லேமினேட் செய்து பர்ஸில் வைத்துக்கொள்ளுங்கள். வயிற்றுவலியோடு எந்த ஊர் கேஷுவாலிட்டிக்குப் போனாலும், ஊசி போடும் முன் அந்தச் சீட்டை டியூட்டி டாக்டர் கையில் கொடுங்கள்.